தலைமை எங்கே கற்கப்படுகிறது?

அதிபர்களுக்குத் தலைமைத்துவப் பயிற்சி வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பதே எமது விடை. நேற்றுவரை கரும்பலகையின் முன் நின்றவரை இன்று அதிபர் நாற்காலியில் இருத்திவிட்டு, கணக்கேடும் சுற்றுநிருபமும் தாமாகவே விளங்கிவிடும் என எதிர்பார்ப்பது அநீதி. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பெற்ற தேசிய கல்வி நிறுவகம் அதிபர்களுக்கு முகாமைத்துவப் பயிற்சி அளித்து வருவதை நாம் வரவேற்கிறோம்.

ஆயினும் ‘முகாமைத்துவம்’ என்ற சொல்லை உரைத்துப் பார்த்தல் வேண்டும். அது தொழிற்சாலையிலும் வாணிபத்திலும் வளர்ந்த கருத்து. இலக்கு, உள்ளீடு, பெறுபேறு என்பன அதன் அளவுகோல்கள். புலமைப்பரிசிற் பரீட்சையில் சித்தியடைந்தோரின் தொகை அதன் ஏட்டில் ஏறும். வாசிக்கத் தெரியாமல் கடைசி வாங்கிலே அமர்ந்திருக்கும் கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு அதிலே நிரல் இல்லை. எமது பாடசாலைச் சுவர்களில் தூரநோக்கும் பணிக்கூற்றும் அழகாகத் தீட்டப்பட்டுள்ளன. நான் கற்பிக்கும் பாடசாலையில் அவற்றை எழுதுமுன் ஆசிரியரையோ பெற்றோரையோ எவரும் கேட்டதில்லை.

யாழ்ப்பாணத்தின் அனுபவம் வேறொன்றைக் கூறுகின்றது. 1949இல் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபரான ஹண்டி பேரின்பநாயகம் எந்தத் தலைமைத்துவ வகுப்பிற் பயின்றார்? 1924இல் தோன்றி, பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற மாணவர் காங்கிரஸே அவரது பயிற்சிக்களம். அவ்வியக்கம் 1927இல் காந்தியடிகளை இங்கு அழைத்தது. சாதிக் கொடுமையை எதிர்த்தது. தாய்மொழிக் கல்வியை வேண்டிநின்றது. மக்களின் பிரச்சினைகளோடு மோதியே அவர் தலைமையைக் கற்றார்.

அக்காலத்தைப் பொற்காலமாக்கிப் புலம்புவது எமது நோக்கமன்று. ஒடுக்கப்பட்ட பிள்ளைக்குச் சம ஆசனம் மறுத்த பாடசாலைகளும் அன்று இருந்தன. தனியார் முகாமையாளரின் ஆட்சிக்கு 1960ஆம் ஆண்டுச் சட்டம் முடிவுகட்டத் தொடங்கியது நன்றே. ஆனால் முகாமையாளர் போன பின்னர் அதிபர் மக்களுக்குப் பொறுப்புடையவராக வேண்டியிருக்க, மேலதிகாரிக்கு மட்டும் பொறுப்புடையவராகிவிடலாமா?

1995 ஒக்ரோபரில் வலிகாமமே பெயர்ந்தபோது, இரவற் கட்டடங்களில் பாடசாலையை மீண்டும் தொடக்கிய அதிபர்களை நாம் அறிவோம். அவர்களது அனுபவமன்றோ பயிற்சியின் முதற்பாடமாக வேண்டும்? பயிற்சி பெறும் அதிபர், இடைவிலகிய பிள்ளையின் வீட்டுப்படி ஏறட்டும். ஆசிரியர் கூட்டத்திலே எதிர்க்கேள்விக்கு விடை கூறப் பழகட்டும். இவ்விரண்டும் பாடத்திட்டத்தில் இடம்பெறவேண்டுமென ஆசிரியர் சங்கங்கள் குரலெழுப்புதல் வேண்டும்.