87 சதவீதம் சரி, எதில் 87?

கோழியின் குடலில் ஈ.கோலை இருப்பது செய்தியே இல்லை. நம் குடலிலும் இருக்கிறது, மாட்டின் குடலிலும் இருக்கிறது. அது எத்தனை மருந்துகளுக்கு அடங்க மறுக்கிறது என்பதுதான் செய்தி. இந்த வித்தியாசத்தைத் தெளிவாகப் பிடித்துக்கொண்ட ஆய்வு ஒன்று 2017-இல் 'என்விரான்மென்டல் ஹெல்த் பர்ஸ்பெக்டிவ்ஸ்' இதழில் வந்தது. பஞ்சாபில் 18 கோழிப்பண்ணைகள், 530 கோழிகள், அவற்றிலிருந்து பிரித்தெடுத்த 1,556 ஈ.கோலை. ரமணன் லட்சுமிநாராயணன் அதன் ஆசிரியர்களில் ஒருவர்.

அதிகம் மேற்கோள் காட்டப்படும் முடிவு இது: ஈஎஸ்பிஎல் எனும் நொதியைச் சுரக்கும் ஈ.கோலை கறிக்கோழிப் பண்ணைகளில் 87%, முட்டைக்கோழிப் பண்ணைகளில் 42%. இந்த நொதி பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகளை உடைத்துவிடும். அதாவது ஆஸ்பத்திரியில் நமக்கு ஏற்றும் மருந்துகளை.

ஆய்வை மதிக்கிறேன். ஆனால் அந்த 87 வெளியே பயணம் செய்யும் விதத்தில்தான் சிக்கல். பள்ளிக்கூடத்தில் தொகுதி, பகுதி என்று படித்தோமே, சதவீதத்தைச் சொல்பவர்கள் பகுதியைச் சொல்வதே இல்லை. 87% கோழிகளா, கிருமிகளா, பண்ணைகளா? மூன்றும் வேறு வேறு.

1,556-ஐ 530-ஆல் வகுத்தால் ஒரு கோழிக்கு ஏறக்குறைய 3 கிருமிகள். 530-ஐ 18-ஆல் வகுத்தால் ஒரு பண்ணைக்கு ஏறக்குறைய 29 கோழிகள். ஒரே கொட்டகையில் ஒரே தீவனம் தின்று, ஒரே தண்ணி குடித்து, ஒன்றன் எச்சத்தை இன்னொன்று கிளறும் 29 கோழிகளை 29 தனித்தனி சாட்சிகளாக எண்ண முடியுமா? என் தொழிலில் இதற்கு ஈடு உண்டு. ஒரு சர்வரின் லாகில் ஒரே பிழை ஆயிரம் தடவை பதிவானால் அது ஆயிரம் பிழை இல்லீங்க, ஒரு பிழைதான். பண்ணைகளை ஒப்பிடும்போது உண்மையான எண்ணிக்கை 1,556-ஐ விட 18-க்குத்தான் பக்கத்தில் நிற்கிறது.

கறிக்கோழி, முட்டைக்கோழி வித்தியாசம் பெரியது. அதனால் 18 பண்ணையிலும் அது தெரிந்துவிடுகிறது. அடுத்த கேள்விதான் மாட்டிக்கொள்கிறது. 9 பண்ணைகள் தனியாருடையவை, 9 நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டவை. தனியார் பண்ணைகளில் எதிர்ப்புத்திறன் கூடுதலாகத் தெரிந்தாலும், புள்ளியியல்படி அது உறுதியாகவில்லை என்று ஆசிரியர்களே நேர்மையாக எழுதியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு வேண்டியது இந்தக் கேள்விதான். பல்லடம் பக்கம் கறிக்கோழி வளர்ப்பு பெரும்பாலும் ஒப்பந்த முறை. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி தரும். விவசாயிக்குக் கொட்டகையும் உழைப்பும், கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக்கூலியும். தீவனத்தில் என்ன கலக்கிறது என்பது அவர் கையில் இல்லை. இங்கே கரையான்சாவடியில் கறிக்கடைப் பலகையில் அன்றைய விலை இருக்கும், பண்ணையின் பேர் இருக்காது. ஒப்பந்த முறை கிருமி எதிர்ப்பைக் கூட்டுதா, குறைக்குதா? ஆய்வு மிகவும் மெலிந்து நிற்கும் இடம் நமக்கு மிகவும் தேவையான இடமாக இருக்கிறது.

ஒழுங்காக எண்ணினால் என்ன பயன் என்பதற்குச் சீனா உதாரணம். கொலிஸ்டின் என்பது மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு மருத்துவர்கள் எடுக்கும் கடைசி ஆயுதங்களில் ஒன்று. கால்நடை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் அதைக் கலப்பதை 2017-இல் சீனா நிறுத்தியது. கொலிஸ்டினுக்கு அடங்காத ஈ.கோலை 2015-16-க்கும் 2017-18-க்கும் இடையே பன்றிகளில் 34 சதவீதத்திலிருந்து 5.1-க்கும், கோழிகளில் 18.1-லிருந்து 5-க்கும் இறங்கியது. தடைக்கு முன்னும் பின்னும் எண்ணியதால்தான் இதைச் சொல்ல முடிகிறது. இந்தியாவும் 2019 ஜூலையில் உணவுக்கான கால்நடைகளில் கொலிஸ்டினைத் தடை செய்தது. அந்தத் தடை பலன் தந்ததா என்று சொல்லவும் அதே மாதிரி கணக்கு வேண்டும்: பண்ணைக்குக் குறைவான கோழிகள், ஆனால் நிறைய பண்ணைகள், வருடா வருடம்.

"நல்லா வேகவச்சா கிருமி செத்துடுமே" என்பார்கள். உண்மைதான், குழம்பில் செத்துவிடும். ஆனால் வெட்டும் பலகையில், பண்ணையாளின் கையில், வயலுக்குப் போகும் கோழி எருவில் யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. எதிர்ப்பு மரபணுக்கள் ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குத் தாவவும் கூடியவை. ஆகவே 87-ஐப் பார்த்து கோழியை விட வேண்டாம், 87-ஐ அலட்சியமும் பண்ண வேண்டாம். அடுத்த தடவை யாராவது சதவீதம் சொன்னால் பகுதியைக் கேளுங்கள். கூடவே, எத்தனை பண்ணை என்றும் கேளுங்கள்.