காது கேட்பதும் பட்டியல் கேட்பதும்

உலகின் பறவையினங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தென் அமெரிக்காவில் வாழ்கிறது. ஆனாலும் அங்குள்ள மழைக்காட்டில் பறவை பார்க்கத் தனியாகப் போகிறவருக்கு முதலில் கிடைப்பது ஏமாற்றம்தான். முப்பது, நாற்பது மீட்டர் உயர மரங்களின் அடியில் நிற்பவர் கண்ணுக்கு இலையும் நிழலும் தவிர எதுவும் தட்டுப்படாது. குரல்கள் மட்டும் நாலாபுறமும் கேட்கும். எந்தக் குரல் எவ்வளவு உயரத்திலிருந்து வருகிறது என்று புரியாது. இந்தக் கையறுநிலையிலிருந்துதான் வழிகாட்டியோடு செல்லும் பறவைப் பயணம் ஒரு தொழிலாக வளர்ந்தது. இரண்டு, மூன்று வாரப் பயணம், சிறு குழு, பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரும் தலைவர் ஒருவர், அந்தந்த ஊரைச் சேர்ந்த வழிகாட்டிகள். இரவு உணவு முடிந்ததும் அன்று கண்டவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் பட்டியல்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர்க்காரரின் காது நடத்திச் செல்லும்வரை இது மிக நல்ல பயணம். பட்டியல் நடத்தத் தொடங்கியதும் காட்டுக்கும் கேடு, பார்க்க வந்தவருக்கும் இழப்பு. இதை விளக்கக் கயானாவை எடுத்துக்கொள்கிறேன். மழைக்காடும் சவானாப் புல்வெளியும் அங்கே ஒரே சாலையில் அடுத்தடுத்து வருகின்றன.

தலைநகர் ஜார்ஜ்டவுனிலிருந்து லிண்டன் வழியாகப் பிரேசில் எல்லையிலுள்ள லெத்தெம் வரை போகும் அந்தச் சாலை, இவோக்ரமா காட்டை ஊடறுத்துச் செல்கிறது. ஏறக்குறைய 3,71,000 ஹெக்டேர் காடு. 1989இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் மாநாட்டில் கயானா அதிபர் டெஸ்மண்ட் ஹொய்ட் இதை உலகின் ஆய்வுக்காக ஒதுக்க முன்வந்தார். 1996இல் அதற்கென்று தனிச்சட்டம் வந்தது. காட்டின் ஒரு பாதி தீண்டப்படாமல் காக்கப்படுகிறது, மறுபாதியில் அளவோடு மரம் வெட்டவும் சுற்றுலா நடத்தவும் இடமுண்டு. தரையிலிருந்து 30 மீட்டர் உயரத்தில், மர உச்சிகளுக்கு இடையே 154 மீட்டர் நீளத்துக்குத் தொங்கு நடைபாதை ஒன்று அமைத்திருக்கிறார்கள். காட்டைத் தாண்டியதும் சுராமா, மக்கூஷி பழங்குடி மக்களின் ஊர். அதற்கு அப்பால் ருப்புனுனி சவானா விரிகிறது.

இந்தக் காட்டில் வழிகாட்டியின் காது என்ன செய்கிறது? ஒரு மணி நேரம் எதுவும் அசையாமல் கிடக்கும் கீழ்க்காட்டில், திடீரென்று பல இனப் பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து கடந்துபோகும். சில நிமிடங்களில் மறுபடியும் வெறுமை. இத்தகைய கலப்புக் கூட்டங்களுக்குக் காவலாளி உண்டு. சாம்பல் நிறமுள்ள ஓர் எறும்புப் பறவை கூட்டத்தின் நடுவே அமர்ந்து, பருந்து வந்தால் குரல் கொடுத்து எச்சரிக்கும். அதன் குரலைத் தொடர்ந்தே மற்றவை நகரும். அந்த ஒற்றைக் குரலைப் பிரித்தறியத் தெரிந்தவருக்குக் கூட்டம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எங்கே போய் நிற்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. படையெறும்புகள் அணிவகுத்துப் போகும்போதும் இப்படித்தான். எறும்புகளுக்குத் தப்பி ஓடும் பூச்சிகளைப் பிடிப்பதற்கென்றே சில பறவைகள் அந்த அணிவகுப்பைப் பின்தொடர்கின்றன. அவை எழுப்பும் சிறு சலசலப்பைக் கேட்டே மக்கூஷி வழிகாட்டி குழுவைத் திருப்பி அழைத்துப் போவார். எந்தக் கையேட்டிலும் இந்த அறிவு முழுதாக அடங்காது. பலருக்கு இது பிள்ளைப் பருவத்தில் தந்தையோடு வேட்டைக்குப் போனபோதே படிந்தது.

தென் அமெரிக்கப் பறவையியலில் காதின் இடத்தை நிலைநாட்டியவர் அமெரிக்கரான டெட் பார்க்கர். ஆயிரக்கணக்கான பறவைகளின் குரலை நினைவிலிருந்தே இனங்காண வல்லவர், பயணக் குழுக்களையும் நடத்தியவர். 1993இல் ஈக்வடாரில் ஆய்வுப் பணியின்போது விமான விபத்தில் இறந்தார். 2015இல் ஒரே ஆண்டில் 6,042 இனங்களைக் கண்ட நோவா ஸ்ட்ரைக்கர், போகும் நாடெங்கும் உள்ளூர்ப் பறவை ஆர்வலர்களோடுதான் சுற்றினார். எண்ணிக்கையையே இலக்காகக் கொண்டவருக்கும் ஊர்க்காரரின் காது இல்லாமல் முடியவில்லை. அப்படியிருந்தும் பல நிறுவனங்களின் விளம்பரத் தாள்களில் வெளிநாட்டுத் தலைவரின் படமும் வரலாறும் பக்கம் பக்கமாக வருகின்றன. ஊர் வழிகாட்டி பெயரில்லாமல் ஒரு வரியில் முடிந்துவிடுகிறார். பறவையைக் கண்டுபிடித்தவரின் பெயர் பறவையின் பெயருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கேட்பது சிறிய கோரிக்கைதான். அதுகூட நிறைவேறாத இடத்தில் வருவாய்ப் பங்கீடு மட்டும் நேர்மையாக இருக்கும் என்று நம்ப நான் தயாராக இல்லை.

இனி பட்டியலின் வேலையைப் பார்ப்போம். பதினான்கு நாளில் இத்தனை இனங்கள், அவற்றுள் இன்னின்ன அபூர்வங்கள் என்று சொல்லித்தான் பயணம் விற்கப்படுகிறது. பணம் கட்டியவருக்கு அவற்றைக் காட்டியாக வேண்டிய நெருக்கடி தலைவருக்கு. நேரம் போதாதபோது கை தானாக ஒலிப்பெருக்கியைத் தேடுகிறது. ஒரு பறவையின் பதிவு செய்த பாடலை அதன் எல்லைக்குள் ஒலிக்கவிட்டால், எதிரி நுழைந்துவிட்டதாக எண்ணி அது இரை தேடுவதை நிறுத்திவிட்டு விரட்ட வரும். நாம் அதைத் தெளிவாகப் பார்த்துவிடுவோம். ஈக்வடாரில் இரண்டு இனங்களை வைத்து நடத்தி 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, இத்தகைய ஒலிபரப்பு பறவையின் நடத்தையை மாற்றுவதைச் சோதனையாகவே காட்டியது.

இதை முற்றாகத் தடை செய்யச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அளவோடு, சில நொடிகள் ஒலிக்கவிட்டால் குழு பாதையை விட்டு இறங்கிக் கீழ்க்காட்டை மிதிக்காமல் இருக்கும். அது உண்மையான நன்மை. ஆனால் கணக்கு ஒரு குழுவோடு முடிவதில்லை. ஓர் அபூர்வப் பறவை இன்ன வளைவில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அந்தப் பருவம் முழுவதும் வரும் குழுக்கள் எல்லாம் அதே இடத்தில் வண்டியை நிறுத்தி அதே பாடலைப் போடும். ஒவ்வொரு குழுவும் தான் சிறிதளவே தொந்தரவு செய்ததாக நினைக்கும். அந்தப் பறவைக்கோ அது நாள்தோறும் வரும் எதிரி. பலரும் அறிந்த இடங்களில் ஒலிபரப்பே கூடாது என்ற விதியை ஊர்தான் போட முடியும், ஊர்தான் காக்கவும் முடியும்.

ஹார்ப்பி கழுகின் கூட்டில் இரண்டு பக்கமும் சேர்ந்தே தெரிகிறது. குரங்கையும் தேவாங்கு போல மெதுவாக நகரும் ஸ்லாத்தையும் மரத்திலிருந்து பறித்துச் செல்லும் வலிமையுள்ள கழுகு அது. ஓர் இணை இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு குஞ்சைத்தான் வளர்த்து எடுக்கிறது. இந்தக் கழுகைக் கண்டால் சுட்டுவிடும் வழக்கம் அது வாழும் நாடுகள் பலவற்றில் இருக்கிறது. கூட்டு மரத்தைப் பார்க்க ஆள் வருகிறார், பார்த்தால் ஊருக்குக் கூலி வருகிறது என்றானபின் துப்பாக்கி இறங்குகிறது, அந்த மரமும் நிற்கிறது. பயணத்தின் தலையாய நன்மை இது. ஆனால் “ஹார்ப்பி உண்டு” என்று அட்டவணையில் அச்சிட்டுவிட்ட நிறுவனத்துக்குக் குஞ்சு பறந்துபோன ஆண்டிலும் ஒரு கூடு தேவைப்படுகிறது. அப்போது அழுத்தம் ஊர் வழிகாட்டியின் தலையில் விழுகிறது. இன்னும் கிட்டே போகலாமா, இன்னொரு கூடு தெரியுமா என்று கேட்கும் விருந்தினரிடம் ‘கூடாது’ என்று சொல்ல அவருக்குத் துணிவு வேண்டும். குழு தங்கும் லாட்ஜ் ஊருக்குச் சொந்தமாக இருந்தால் அந்தத் துணிவு எளிதாக வருகிறது. நாட்கூலிக்காரரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அதனால்தான் சொந்தம் யாருடையது என்ற கேள்வியை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். சுராமாவின் லாட்ஜை ஊரே நடத்துகிறது. பெருவின் தம்போபாட்டாப் பகுதியில் வேறொரு வழியைக் கண்டார்கள். இன்ஃபியர்னோ என்ற பழங்குடிச் சமூகம் 1996இல் ஒரு தனியார் நிறுவனத்தோடு இருபதாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டு போசாடா அமசோனாஸ் என்ற லாட்ஜைத் தொடங்கியது. லாபத்தில் அறுபது விழுக்காடு சமூகத்துக்கு, நாற்பது நிறுவனத்துக்கு. அந்த ஒப்பந்தத்தில் எழுத்தில் இருந்த பங்கீடு அது, கருணையை நம்பி நிற்கவில்லை.

சவானாவைப் பற்றித்தான் எனக்கு அதிக ஆதங்கம். பெரும்பாலான அட்டவணைகளில் ருப்புனுனி, காட்டுக்குப் பிறகு வரும் பின்னிணைப்பாகவே கிடக்கிறது. இரண்டு மூன்று நாள், அதிலும் பாதி வண்டியில் புழுதியோடு போய்விடும். புல்வெளியில் ஒரு நாளில் காணும் இனங்கள் காட்டைவிடக் குறைவு என்பதால் பட்டியல் அதை மதிப்பதில்லை. ஆனால் வருகையாளரின் பணமும் கவனமும் ஒரு பறவையின் தலைவிதியையே மாற்றக்கூடிய இடம் இந்தப் புல்வெளிதான்.

சூரியக் கிளியை எடுத்துக்கொள்வோம். மஞ்சளும் செம்மஞ்சளுமாகச் சுடர்விடும் இந்தக் கிளி உலகெங்கும் கூண்டுகளில் ஏராளமாக வாழ்கிறது. காட்டில் அதைப் பிடித்துப் பிடித்தே ஏறத்தாழ ஒழித்துவிட்டார்கள். இன்று கயானாவில் கரசபாய் என்ற மக்கூஷி ஊரைச் சுற்றியும், எல்லைக்கு அப்பால் பிரேசிலின் ஒரு பகுதியிலும்தான் அது சுதந்திரமாகப் பறக்கிறது. முன்பு பிடித்து விற்ற ஊரே பிடிப்பதை நிறுத்தி, இப்போது அதைக் காட்டப் பார்வையாளரை அழைத்துப் போகிறது. கூண்டில் விற்ற கிளியால் ஒரே ஒருமுறைதான் பணம் வரும், பறக்கும் கிளியால் ஆண்டுதோறும் வரும். இந்தக் கணக்கை ஊருக்குக் கையில் காட்டியது பயணம்தான்.

சிவப்பு சிஸ்கின் கதை இன்னும் அழுத்தமானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மஞ்சள் கேனரிக் குருவியோடு இதைக் கலந்து சிவப்புக் கேனரியை உருவாக்க முயன்றார்கள். அந்த மோகத்தில் வெனிசுலாவிலும் கொலம்பியாவிலும் இந்தச் சிறு குருவி வலைகளில் கூட்டம் கூட்டமாகச் சிக்கியது. கயானாவில் இது இருப்பதே 2000வரை அறிவியலுக்குத் தெரியாது. அந்த ஆண்டு தெற்கு ருப்புனுனியில் ஒரு கூட்டம் தென்பட்டது. மூன்றாண்டுகள் கழித்து 2003இல்தான் ஆய்விதழில் செய்தி வெளியாயிற்று. இதற்கிடையே 2002இல் அப்பகுதி மக்கள் தெற்கு ருப்புனுனி பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். பறவையைக் காப்பவர்கள் அமைந்த பிறகே உலகத்துக்கு முகவரி தெரிந்தது. எல்லா அபூர்வங்களுக்கும் இந்த வரிசைதான் பொருந்தும் என்பது என் கருத்து. கண்ட அன்றே இணையத்தில் இடம் குறித்து ஏற்றிவிடும் இன்றைய பழக்கம் இதற்கு நேர் எதிரானது. பிடிப்பவரும் அதே வரைபடத்தைப் பார்க்கிறார். கயானாவிலிருந்து பாட்டுப் போட்டிக்காகச் சிறு குருவிகளைத் தலைமுடி சுருட்டும் குழல்களுக்குள் அடைத்து நியூயார்க்குக்குக் கடத்தியவர்கள் விமான நிலையத்தில் பிடிபட்டிருக்கிறார்கள். குருவிக்கு விலை இருக்கும்வரை இடத்தை மறைப்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதி.

பட்டியலை நான் வெறுக்கவில்லை. நாள், இடம், எண்ணிக்கையோடு ஒழுங்காக எழுதிய பட்டியல்கள் அறிவியலுக்குப் பயன்படுகின்றன. ஆனால் அந்தத் தரவு சாலையோரத்தையும் லாட்ஜ் சுற்றுப்புறத்தையும் மட்டும் அடர்த்தியாகக் காட்டுகிறது. ருப்புனுனியில் மழைக்காலத்தில் ஆறுகள் பெருகி எசக்கிபோ, அமேசான் நீர்களே கலந்துவிடும். அப்போது குழுக்கள் வருவது குறைவு, தரவும் குறைவு. ஆண்டின் ஒரு பகுதி வாழ்க்கை பட்டியலுக்கு வெளியே நடக்கிறது.

இரண்டு குறைகளைச் சுருக்கமாகவாவது சொல்லியாக வேண்டும். 2020இல் பெருந்தொற்று வந்து விமானங்கள் நின்றபோது, பார்வையாளரை மட்டும் நம்பியிருந்த ஊர்களில் வருமானமும் நின்றது. பயிர்நிலத்தையும் மீன்பிடிப்பையும் கைவிடாத ஊர்களே தாக்குப்பிடிக்க முடியும், எனவே பறவை ஊரின் ஒரே பிழைப்பு ஆகிவிடக் கூடாது. அடுத்தது, கடல் தாண்டிப் பறக்கும் விமானத்தின் புகை. அதற்கு ஈடுகட்டும் சமாதானம் எதையும் நான் இதுவரை நேர்மையானதாகக் காணவில்லை. குறைவான முறை போய், போனால் நீண்ட நாள் தங்குவது ஒன்றே ஓரளவு நியாயம்.

போக நினைக்கும் வாசகர் பணம் கட்டும் முன் நிறுவனத்திடம் கேளுங்கள். லாட்ஜ் யாருக்குச் சொந்தம், ஊர் வழிகாட்டியின் பெயர் என்ன, அவருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு, ஒலிபரப்புக்கு என்ன விதி வைத்திருக்கிறீர்கள் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். எத்தனை இனங்கள் காட்டுவீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரே இடத்தில் மூன்று இரவுக்குக் குறைவாகத் தங்கும் அட்டவணையையும், ருப்புனுனிக்கு ஐந்து நாளாவது ஒதுக்காத கயானாப் பயணத்தையும் வாங்க வேண்டாம்.