சுருதி தெரியாத அண்ணனுக்கு என்ன வேலை?

குவெக் ஷியோ சுவான் இயக்கிய ‘குவாங்’ (2018) எனக்குப் பிடித்த மலேசியப் படங்களில் ஒன்று. பிடித்ததனாலேயே அதோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது.

ஆட்டிசம் உள்ள அண்ணன் வென் குவாங். அவனை எப்படியாவது ஒரு வேலையில் சேர்த்துவிட வேண்டும் என்று விரட்டும் தம்பி. அண்ணனோ தம்பிக்குத் தெரியாமல் கோலாலம்பூரில் கண்ணாடிப் பொருள்களைத் தேடி அலைகிறான். தனக்கு வேண்டிய சுருதி வருகிறதா என்று கேட்டுக் கேட்டுச் சேர்க்கிறான். இயக்குநருடைய சொந்த அண்ணனை வைத்துப் பிறந்த கதை இது. அதனால்தான் தம்பி வில்லனாகவில்லை. அவன் எரிச்சலுக்கு அடியில் இருப்பது பயம்: நமக்குப் பிறகு இவனை யாரு பார்ப்பா?

என் சண்டை முடிவோடுதான். கண்ணாடிகள் இசைக்கருவியாகும்போது நாம் நெகிழ்ந்துவிடுகிறோம். வேலை என்கிற கேள்வி அந்த இசையில் கரைந்துபோகிறது. சரி, சுருதி ஞானமே இல்லாமல் சும்மா கண்ணாடி சேர்க்கிற அண்ணன் என்றால்? அவனுக்கும் இதே மரியாதை கிடைக்குமா?

2022இல் வந்த கொரியத் தொடர் ‘எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ’வும் இதே இடத்தில்தான் வழுக்குகிறது. சட்டப் படிப்பில் முதலிடம் பெற்றும் நாயகியை எந்த நிறுவனமும் எடுக்கவில்லை. கடைசியில் எடுத்த முதலாளிக்கும் வேறு கணக்கு இருக்கிறது. மேதைக்கே இந்தக் கதி என்றால், சராசரிக்காரன் எங்கே போவான்?

நிஜத்தில் தடை தொடங்குவது நேர்முகத் தேர்வில். பெட்டி அடுக்கும் வேலைக்குக்கூட, கண்ணைப் பார்த்துப் பேசுகிறானா, ‘உன்னைப் பத்திச் சொல்லு’ என்றதும் சரளமாகச் சொல்கிறானா என்றுதான் பார்க்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பலருக்குச் சிரமமானதே அதுதான். பெட்டியை யாரும் அடுக்கச் சொல்வதில்லை. அரசுத் துறையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 1 விழுக்காடு ஒதுக்கீடு என்ற கொள்கை பல ஆண்டுகளாக இருக்கிறது. 2008இல் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் வந்தது. ஆனால் பாகுபாடு காட்டும் முதலாளிக்கு அது தண்டனை எதையும் வைக்கவில்லை.

‘குவாங்’ தம்பியை மாற்றுகிறது. நேர்முக அறையில் உட்கார்ந்திருப்பவரை அப்படியே விட்டுவிடுகிறது. நான் பார்க்க விரும்பும் படத்தில், வென் குவாங் இரைச்சல் குறைந்த ஒரு மூலையில் நாள் முழுக்கப் பெட்டி அடுக்குவான். மாதக் கடைசியில் சம்பளமும் இபிஎஃப்பும் வாங்குவான். வீட்டுக்கு வந்து அவன் தட்டும் கண்ணாடி யாரையும் நெகிழ வைக்க வேண்டியதில்லை.