கேட்டலும் செவிமடுத்தலும்

இசை ஆகுமா, ஆகாதா என்ற வினாவோடு நம்மிடையே இசைபற்றிய உரையாடல் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. கேட்டல் என்பது யாது என்னும் முந்திய வினா எழுவதில்லை.

அமெரிக்க ஒலிக்கலைஞர் பெர்னி க்ராஸ், பால் பீவருடன் இணைந்து 1970இல் வெளியிட்ட ‘இன் எ வைல்ட் சாங்ச்சுவரி’ இசைத்தட்டில் இயற்கையொலிகளை மின்னிசையோடு கலந்தார். அதில் காடு வெறும் அலங்காரமே. 1988இல் கலிபோர்னியாவின் லிங்கன் புல்வெளியில் அவர் செய்த ஒலிப்பதிவோ வேறு வகையினது. தேர்ந்தெடுத்த மரங்கள் மட்டும் வெட்டப்பட்டபின் 1989இல் அங்கேயே மீண்டும் பதிந்தார். கண்ணுக்குக் காடு மாறவில்லை. பதிவிலோ பறவைக் குரல்கள் அடங்கி, ஓடையொலியும் மரங்கொத்தியின் தட்டலுமே எஞ்சின. எதையும் சேர்க்காத இவ்விரு பதிவுகளே அவருடைய மேலான ஆக்கம் என்போம்.

இசையின் நோக்கம் மனத்தை அமைதிப்படுத்தி இறையருளுக்கு ஆயத்தமாக்குவதே என்று, அகமதாபாத்தின் கீதா சாராபாய் 1946இல் ஜான் கேஜிடம் தம் ஆசிரியரின் கருத்தாக உரைத்தார். 1952இல் கேஜ் அளித்த 4 நிமிடம் 33 விநாடி மௌனப் படைப்பு அதன் முற்பாதியோடு நின்றது. ஒலியை ஒலிக்காகவே கேட்கச் சொன்னது.

படைப்பினங்கள் யாவும் தஸ்பீஹ் செய்கின்றன, மனிதர் அதை விளங்குவதில்லை என்று அறிவிக்கிறது திருமறை (17:44). பறவைகளின் இன்குரலைக் கேட்பதை ஆகுமானதாகவே கொள்கிறார் இமாம் கஸ்ஸாலி. எனவே இக்கலை நமக்கு அந்நியமன்று. கம்பைநல்லூர் ஆற்றங்கரையில் ஃபஜ்ருக்குப்பின் எழும் ஒலிகளை ஆண்டுதோறும் பதிந்து வைத்தாலன்றி, மறைந்தவை எவை என்று நாளை அறிய இயலாது. விளங்காத துதியேனும் செவிமடுக்கப்பட வேண்டும். அது அடங்கிப்போனதையும் உணராதிருப்பதே செவியின் பெருங்குறை.