வெண்கவசத்தின் மூலபாடம்

ஒன்றனைப் போல மற்றொன்று செய்யுங்கால் எழும் முதல் வினா, 'எதனைப் போல?' என்பதாம். கேட்பதற்கு எளிய இவ்வினாவிற்கு விடை காணுதல் எளிதன்று. வேடம் புனைவார் கழகம் ஒன்று இவ்வினாவைப் பற்றி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக வழக்காடி வருகின்றது. அமெரிக்க நாட்டின் தென் கரோலினா மாநிலத்தில் ஆல்பின் ஜான்சன் என்பாரும் அவர்தம் நண்பர் ஒருவரும் 1997ஆம் ஆண்டில் தொடங்கிய '501ஆம் படையணி' என்பது அதன் பெயர். 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படங்களிற் கொடுங்கோற் பேரரசின் பக்கம் நிற்கும் மாந்தர் கோலத்தை முயன்று அமைத்து அணிவோர் அதன் உறுப்பினர். மருத்துவமனைகளிலுள்ள சிறாரைக் காணச் செல்லுதலும், அறக்கொடை திரட்டும் விழாக்களில் ஊதியமின்றித் தோன்றுதலும் அவர்தம் பணிகள். இக்கழகத்தார் வகுத்த உடை அளவைகளையும் அவைபற்றி எழும் பூசல்களையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். விளையாட்டன்றோ இஃது எனத் தமிழ் பயில்வார் ஒதுக்குதல் வேண்டா. பாடவேறுபாடு ஆராய்வார்க்குப் பழகிய இடர்களே இங்கும் வேற்றுருவில் நிற்கின்றன.

கழகத்தார் ஒவ்வொரு கோலத்திற்கும் ஓர் உடைக்குறிப்பு எழுதி வைத்துள்ளனர். தலைக்கவசம் முதற் காலணி ஈறாக ஒவ்வோர் உறுப்பும் இன்னவாறு இருத்தல் வேண்டும் என்பதனை அது படங்களுடன் விளக்கும். 18 அகவை நிரம்பியோர் தம் உடையை அணிந்தெடுத்த நிழற்படங்களை அனுப்புவர். சேர்க்கை அலுவலர் அவற்றைக் குறிப்பொடு ஒப்புநோக்கி ஏற்பர், அன்றித் திருத்துமாறு பணிப்பர். 'ஸ்டார்ம்ட்ரூப்பர்' எனப்படும் வெண்கவச வீரன் கோலத்திற்கு இதன்மேலும் இரு படிகள் உள. முதற்படி கழகத்தின் வாயில். ஏனைய இரண்டும் நுட்பம் நோக்கிய சிறப்புகள். மூன்றாம் படி எய்தியோர் 'செஞ்சூரியன்' எனப்பெறுவர்.

இனி, அவர் ஒப்புநோக்கும் மூலத்தின் இயல்பைக் காண்போம். 1977இல் வெளிவந்த முதற்படத்திற்கு இத்தலைக்கவசங்களை இங்கிலாந்தில் ஆக்கியவர் ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த் என்பார். சூட்டால் இளகிய பிளாஸ்டிக் தகட்டை வெற்றிடத்தால் உறிஞ்சி அச்சின்மீது படியச் செய்யும் முறையில் அவர் ஐம்பது ஆக்கினார் என்பது பின்னெழுந்த வழக்கின் தீர்ப்பால் அறியப்படும். அவை படப்பிடிப்பிற்கென ஆகியன. அருகிருந்து ஆராய்வார்க்கென ஆகியன அல்ல. ஆதலின் வலப்பாலும் இடப்பாலும் ஒத்திரா. கோடுகள் கையால் தீட்டப்பட்டமையின் ஒன்றிற்கொன்று வேறுபடும். முதன்மை நடிகர்க்குரிய தலைக்கவசத்திற் கண்ணாடி புடைத்திருக்கும், ஏனையவற்றில் தட்டையாயிருக்கும். 1983ஆம் ஆண்டுப் படத்திலோ, கையால் தீட்டிய கோடுகளின் இடத்தை ஒட்டுப்படங்கள் பற்றிக்கொண்டன. வெண்கவசம் என ஒரு பெயரால் வழங்கினும் அதன் மூலம் ஒன்றன்று, பல.

கழகத்தார் இப்பன்மையைக் கலந்து குழப்பாது, வகைதோறும் தனிக்குறிப்பு வரைந்தமை போற்றற்குரியது. பல சுவடிகளின் பாடங்களை விரவி, எந்தச் சுவடியிலும் இல்லாத புதுப்பாடம் ஒன்றைப் படைத்துவிடும் பதிப்பாசிரியர் சிலர் இவரிடம் கற்கத்தக்கது உண்டு.

பூசல் எழுவது இதற்கு அடுத்த படியில். பேரரசின் ஆலையிற் கோணற் கவசம் பிறந்திராது. ஆகவே இருபாலும் ஒத்த, வழுவற்ற கவசமே கதைக்குப் பொருந்தும் என்பார் ஒரு சாரார். திரையிற் கண்ட கோணலையும் தூரிகை பிசகிய கோட்டையும் அவ்வாறே பெயர்த்தல் வேண்டும் என்பார் மற்றொரு சாரார். கழகம் பெரிதும் பின்னவர் பக்கமே நிற்கின்றது. நாமும் அதனையே உடன்படுகின்றோம். கதைக்குள் இருப்பதாகக் கருதும் ஆலை நமக்குச் சான்று எதனையும் விட்டுச் செல்லவில்லை. படச்சுருளும் எஞ்சிய சில கவசங்களுமே சான்று. 'ஆக்கியோன் கருதியது இது' எனத் திருத்தத் தொடங்கின், திருத்துவோர் தொகைக்கு ஏற்ப மூலங்களும் பெருகும். ஆயினும் ஒன்று கூறல் வேண்டும். ஏடெழுதியவன் பிழையைக் காப்பது சான்றைக் காத்தற்பொருட்டே. அப்பிழை அழகென்று பாராட்டப்படுமாயின், அளவை தன் காரணத்தை மறந்து வழிபாடாய் மாறுகின்றது.

தொடக்க ஆண்டுகளில் உறுப்பினர்க்குக் கிடைத்த வார்ப்புகள் திரைக்கவசத்தினும் பருத்தும் சீராயும் இருந்தன. தெளிவான படங்களும், எஞ்சிய பொருள்களைப் பற்றிய அறிவும் பெருகப் பெருக, குறிப்பும் இறுகியது. இதன்கண் தவறில்லை. ஆனால் அறிவு வளர்ச்சி மாந்தர் மதிப்பின்மேல் வீழும் முறை கொடிது. நேற்று ஏற்கப்பட்ட கவசத்தை அணிந்து பல ஆண்டு உழைத்தவர், தாம் ஒன்றும் பிழையாதிருக்க, இன்று வந்த இளையோர் கண்ணிற் குறைபாடுடையவர் ஆகின்றனர். சிறப்புப் படிகளைத் தனியே பிரித்தது வாயிலை எளிதாக்கவே எனினும், பிரித்தவுடன் வாயிலில் நிற்போர் 'முதற்படியினர்' எனப் பெயர் பெறுகின்றனர். முன்னர் அவர்க்கு அப்பெயர் இல்லை.

சிறார் எவரும் கோடுகளை எண்ணுவதில்லை, பின்னர் இத்துணை நுணுக்கம் எதற்கு என வினவுவார் உளர். இவ்வாதம் மனத்தைத் தொடுவது, எனினும் வலியற்றது. சிறுவன் எண்ணாதது மெய், அவன் நம்புகின்றான். தான் திரையிற் கண்டவனே வந்தான் எனும் அந்நம்பிக்கை, அவன் எண்ணாத நுணுக்கங்கள் பல கூடியதால் விளைந்தது. யாப்பறியாதாரும் ஓசை பிறழ்ந்தவிடத்து முகம் சுளித்தல் போல்வது இது.

மூலத்தொடு ஒத்தல் என்னும் அளவையோடு, 'மரபு' என்னும் வேறோர் அளவையும் இவரிடை வழங்குகின்றது. படப்பிடிப்பிற் பயன்பட்ட கவசத்திலிருந்தே எடுத்த அச்சு, அதிலிருந்து பெயர்த்த அச்சு எனக் கொடிவழி கூறுதல் இத்துறையினர் வழக்கம். ஒருவர் உழைத்து ஆக்கிய கவசத்தை மற்றொருவர் வாங்கி, அதன்மேல் அச்செடுத்து, இசைவின்றி விற்பது 'மறுவார்ப்பு' எனப்படும். வேடம் புனைவாரிடை இதனினும் கொடிய பழி பிறிதில்லை. இங்கு ஒரு முரண் உளது. பழி கூறுவோர் ஆக்கியதும் பெரும்பாலும் படநிறுவனத்தின் இசைவு பெறாத படியே.

சட்டத்தின் துணையும் இவர்க்கு உறுதியாயில்லை. ஐன்ஸ்வொர்த் 2004 முதல் அத்தலைக்கவசங்களை மீண்டும் ஆக்கி விற்றமையால் எழுந்த வழக்கில், ஐக்கிய இராச்சியத்தின் உச்சநீதிமன்றம் 2011 சூலையில் தீர்ப்பளித்தது. தலைக்கவசம் சிற்பம் அன்று, திரைப்படம் ஆக்குதற்குப் பயன்பட்ட ஒரு பொருளே என்பது அதன் துணிபு. எனவே சிற்பத்திற்குரிய நீண்ட பதிப்புரிமை அந்நாட்டில் அதற்கு இல்லையாயிற்று. அமெரிக்கப் பதிப்புரிமை பற்றிய கோரிக்கையை அந்நாட்டு மன்றங்கள் கேட்கலாம் என்பதும் அத்தீர்ப்பிலேயே உளது. மன்றம் கலையன்று என ஒதுக்கியதனையே கழகத்தார் எழுத்தெண்ணிக் காக்கின்றனர்.

சட்டம் காவாதவிடத்து மானமே காவலாகின்றது. ஆகவே மறுவார்ப்பாளர் என்னும் பழி வலிமையுடையது. வலிமையுடையதாதலின் அஞ்சத்தக்கதும் ஆகும். இதனை உடைக்குறிப்பால் துணிய இயலாது. நல்ல மறுவார்ப்பு கண்ணுக்கு மூலவார்ப்பையே ஒக்கும். இங்கு வேண்டுவது அச்சின் வரலாறு. கிடைப்பதோ பெரும்பாலும் ஒருவர் சொல். குறைந்த விலைக்கு அறியாது வாங்கியவரும் விற்றவரொடு சேர்த்து இகழப்படுகின்றனர். உடையைப் பற்றிய ஐயம் ஆளைப் பற்றிய தீர்ப்பாய் முடிகின்றது.

கழகத்தின் புகழ் வளர்ந்தமையும் இப்பூசல்களை வெப்பமாக்கியிருக்கலாம். 2004இல் வெளிவந்த திமொதி ஸான் என்பாரின் புதினத்தில் 501ஆம் படையணி கதைப்படையாகவே இடம்பெற்றது. 2005ஆம் ஆண்டுப் படத்தில் டார்த் வேடர் நடத்திச் செல்லும் படைக்கு அப்பெயரே அமைந்தது. போலச்செய்தார் பெயர் மூலத்தினுள்ளே புகுந்தது. உரிமையுடையோர் தாமே செய்த இடைச்செருகல் இது எனலாம்! படியெடுப்போர் தம்மையும் மூலத்தின் கூறாகக் கருதத் தொடங்கின், வாயிற்காவல் கடுமையாதல் இயல்பே.

ஆயினும் ஆளையும் உடையையும் பிரித்தறியும் ஆற்றல் இக்கழகத்தார்க்கு இல்லையெனல் பொருந்தாது. முதற்படத்திலேயே வெண்கவசம் அணிந்து வந்த லூக்கைக் கண்ட இளவரசி அவன் உயரக்குறைவை எள்ளி வினவுகின்றாள். படைவீரர்க்கு உயரம் உண்டு என்பது மூலமே தரும் சான்று. அவ்வாறிருந்தும் கழகத்தார் உயரத்தையோ, உடற்பருமனையோ, நிறத்தையோ, ஆண்பெண் வேறுபாட்டையோ அளவையாகக் கொள்ளவில்லை. கோட்டின் அகலம் வரை மூலத்தைப் பின்பற்றுவோர், அணிவார் உடலளவில் மூலத்தை அறிந்தே கைவிட்டனர். இவ்விலக்கு தற்செயலாய் அமைந்ததன்று. அது மறுவார்ப்புப் பழிக்கும் நீட்டப்படுதல் வேண்டும் என்பது எம் கருத்து. அச்சின் வரலாறு பற்றிய குற்றச்சாட்டை எவர் கூறினார், எச்சான்று கொண்டு கூறினார் என்பன எழுத்தில் இருத்தல் வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் மறுமொழியும் அதனருகே இருத்தல் வேண்டும். ஒரு கண்ணாடியின் வளைவிற்குப் படமும் விளக்கமும் எழுதி வைத்தோர்க்கு இஃது இயலாத வேலையன்று.