யாரும் பார்க்காத நொடி

நான்கு நற்செய்திகளிலும் இல்லாத காட்சி ஒன்று உண்டு: இயேசு கல்லறையிலிருந்து எழுந்து வெளியே வரும் காட்சி. மத்தேயுவில் நிலம் அதிர்கிறது. வானதூதர் இறங்கிவந்து கல்லைப் புரட்டி அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறார். காவலர்கள் செத்தவர்களைப்போல் ஆகிறார்கள். ஆனால் தூதர் காட்டுவது காலியான இடத்தைத்தான். மாற்கு நற்செய்தியோ, சினாய்ப் படி, வத்திக்கான் படி என்ற இரு பழம்பெரும் கையெழுத்துப் படிகளில், பெண்கள் நடுங்கி ஓடி, பயத்தால் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் இருந்ததோடு நின்றுவிடுகிறது. ஒரு சமயத்தின் தலையாய செய்திக்கு நேரில் கண்ட சாட்சி இல்லை. நம் ஊர்ப் பஞ்சாயத்தில் இந்த வழக்கு நிற்காது.

எழுத ஆளில்லாமல் விடுபட்டதும் அல்ல. எகிப்தின் அக்மீமில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு பழைய கல்லறையிலிருந்து கிடைத்த ‘பேதுரு நற்செய்தி’ எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொல்கிறது. இரண்டு பேர் ஒருவரைத் தாங்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள். அவர்கள் தலை வானத்தை முட்டுகிறது, அவர் தலை வானத்தையும் தாண்டுகிறது. பின்னாலேயே சிலுவை வருகிறது. மேலிருந்து கேட்ட கேள்விக்குப் பதிலும் சொல்கிறது. இந்த நூலைத் திருச்சபை தன் விவிலியத்தில் சேர்க்கவில்லை. சேர்க்காததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் உயிர்ப்புப் பெருவிழாவைப் பற்றிய மரபுகளை எடைபோட எனக்கு இதுவே தராசு: சொல்லாமல் விட்ட அந்த நொடியை ஒவ்வொரு மரபும் என்ன செய்தது?

முதலில் பெயர். இந்த விழாவைக் குறிக்கும் பஸ்கா (பாஸ்கா) என்ற சொல் எபிரேயப் ‘பெசாக்’கிலிருந்து வந்தது. இரண்டாம் நூற்றாண்டில் சர்தை நகர ஆயர் மெலித்தோ, கிரேக்கத்தில் ‘பாடுபடுதல்’ என்ற பொருள்தரும் சொல்லோடு அதை ஒலியால் இணைத்து, பஸ்கா என்றால் பாடுகளே என்று விளக்கினார். அலெக்சாந்திரியாவின் ஒரிஜன் அதை மறுத்தார். அவருக்கு அது கடந்துபோதல், செங்கடலைக் கடந்ததுபோல. சொல்லாராய்ச்சியில் வென்றவர் ஒரிஜன். ஆனால் நம் கிராமங்களில் ‘பாஸ்கா பார்க்கப் போனோம்’ என்றால் பாடுகளின் நாடகம்; அதே பங்கில் சாமியார் அறிவிக்கும் ‘பாஸ்கா திருவிழிப்பு’ என்றால் சாவிலிருந்து வாழ்வுக்குக் கடந்த இரவு. மெலித்தோவும் ஒரிஜனும் இன்றைக்கும் ஒரே அறிவிப்புப் பலகையில்தான் இருக்கிறார்கள்.

தேதிச் சண்டையும் அந்தக் காலத்ததே. சின்ன ஆசியாவினர் யூத நிசான் மாதம் 14ஆம் நாளில் கொண்டாடினார்கள், உரோமையர் ஞாயிறன்று. 190ஐ ஒட்டி உரோமை ஆயர் விக்டர் மற்றவர்களை உறவிலிருந்தே விலக்கப் பார்த்தார்; லியோன் ஆயர் இரேனேயு சமாதானம் பேசினார். 325இல் நிசேயா சங்கம் எல்லோருக்கும் ஒரே ஞாயிறு என்றது. இன்று மேற்கு கிரகோரியன் நாட்காட்டியையும் கிழக்கு ஜூலியன் கணக்கையும் பிடித்துக்கொண்டிருப்பதால், 2025இல் வந்ததுபோல எப்போதாவதுதான் இரண்டும் ஒன்றாக வருகின்றன.

கிழக்கத்திய மரபு அந்த நொடியை வரையவில்லை. அதற்குப் பதில் கல்லறைக்கும் கீழே போய்விட்டது. இஸ்தான்புல்லின் கோரா கோவிலில் (இப்போது பள்ளிவாசல்) 1315க்கும் 1321க்கும் இடையில் தீட்டிய சுவரோவியத்தில், வெள்ளுடையில் கிறிஸ்து பாதாளத்தின் கதவுகளை மிதித்து நிற்கிறார். காலடியில் சாவு கைகால் கட்டுண்டு கிடக்கிறது. சுற்றிலும் பூட்டும் சாவியும் தாழ்ப்பாளும் சிதறிக் கிடக்கின்றன. இரு கைகளாலும் ஆதாமையும் ஏவாளையும் பெட்டியிலிருந்து வெடுக்கென்று இழுக்கிறார். பிடித்திருப்பது விரல்களை அல்ல, மணிக்கட்டை. செத்தவனுக்குத் திரும்பிப் பிடிக்கத் தெம்பு ஏது? இந்தப் படத்துக்குக் கிரேக்கர் வைத்த பெயர் ‘அனஸ்தாசிஸ்’, அதாவது உயிர்ப்பு. ஒருவர் தனியாக எழுந்ததை அவர்கள் உயிர்ப்பு என்று சொல்வதில்லை.

மேற்கு ஒருவரைத் தனியாக எழுப்பியது. இத்தாலியின் சான்செபோல்க்ரோவில் பியரோ தெல்லா பிரான்செஸ்கா தீட்டிய ஓவியத்தில் கிறிஸ்து ஒரு காலைக் கல்லறை விளிம்பில் ஊன்றி நம்மையே பார்க்கிறார். கீழே நான்கு சிப்பாய்கள் உறங்குகிறார்கள். நற்செய்தியின் மௌனத்தை மீறியது மாதிரி இருக்கிறது. ஆனால் படத்துக்குள் இருக்கும் யாரும் பார்க்கவில்லை. கெட்டிக்கார ஓவியர்.

என்னை அதிகம் நிறுத்துவது குரூனெவால்ட் 1512 முதல் 1516 வரை தீட்டிய ஈசன்ஹைம் பீட ஓவியம். பிரான்சின் கொல்மாரில் இருக்கிறது. கெட்டுப்போன தானியத்தைத் தின்றதால் தோல் கருகி உறுப்புகள் அழுகும் ‘அந்தோனியார் நெருப்பு’ நோயாளிகளைத் துறவிகள் பராமரித்த மடத்துக்காக வரைந்தது. பலகைகள் மூடியிருக்கையில் சிலுவையில் தொங்குகிறவரின் உடம்பெல்லாம் சிராய்ப்பும் முள்ளும் புண்ணும். திறந்தால், அதே உடம்பு ஒளிவட்டத்துக்குள் மிதக்கிறது. காயத் தழும்புகள் மட்டும் மிச்சம், மற்றபடி தோலில் ஒரு வடு இல்லை. புண்ணோடு எதிரே கிடந்தவனுக்கு அதற்குமேல் என்ன பிரசங்கம் வேண்டும்?

மேற்கத்திய இறையியலின் கனம் மெல்லப் பெரிய வெள்ளிக்கு நகர்ந்துவிட்டது. 1098இல் முடிந்த ‘கடவுள் ஏன் மனிதரானார்’ நூலில் கான்டர்பரி ஆன்செல்ம், மனிதன் கடவுளுக்குச் செலுத்தவேண்டிய கடனைக் கிறிஸ்து தன் சாவால் தீர்த்தார் என்ற வாதத்தைக் கட்டினார். கடன் வெள்ளியன்றே தீர்ந்துவிட்டால் ஞாயிறு வெறும் ரசீதாகிவிடும். ஆன்செல்ம் அப்படிச் சொல்லவில்லை. அவர் வழியில் வந்த பிரசங்கங்கள் பல அப்படித்தான் ஒலிக்கின்றன. 1930இல் சுவீடனின் லூத்தரன் இறையியலாளர் குஸ்தாஃப் ஔலேன், ஆதிச் சபை பேசியது கடன்கணக்கை அல்ல, சாவின்மேல் கிடைத்த வெற்றியை என்று எழுதினார். கோரா ஓவியத்தைப் பார்த்தவர்களுக்கு அது புதுச் செய்தி அல்ல.

சீர்திருத்தச் சபைகளின் பக்கமிருந்து வந்த ஒரு வழக்கமும் எனக்குப் பிடிக்கும். 1732இல் சாக்சனியின் ஹெர்ன்ஹூட்டில் மொராவியச் சகோதரர்கள் சிலர் ஈஸ்டர் விடியலுக்குமுன் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாடினார்கள். அங்கே பணக்காரனுக்கும் வேலைக்காரனுக்கும் தரையோடு தரையாக ஒரே மாதிரிக் கல். நம் சீர்திருத்தச் சபைகளின் ஈஸ்டர் அதிகாலை ஆராதனையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தோட்டம் நினைவுக்கு வரும்.

கத்தோலிக்கர் அந்த நொடியை ஓர் இரவுக்குள் வைத்தார்கள். புது நெருப்பு, அதிலிருந்து ஏற்றும் பாஸ்கா திரி என்ற பெரிய மெழுகுவர்த்தி, திருத்தொண்டர் பாடும் பாஸ்கா புகழுரை. இடைக்காலத் தென் இத்தாலியில் இந்தப் புகழுரையை நீண்ட தோல்சுருளில் எழுதி, நடுநடுவே படங்களைத் தலைகீழாக வரைந்தார்கள். திருத்தொண்டர் பாடப்பாடச் சுருள் மேடைக்கு முன்னால் வழிந்து இறங்கும். அவருக்கு எழுத்து நேராக, மக்களுக்குப் படம் நேராக. மெழுகைத் தந்த தேனீக்களுக்கும் அந்தப் பாட்டில் இடம் உண்டு. இவ்வளவு பாடுபட்டுப் புகழ்ந்த இரவைப் பிற்பாடு நூற்றாண்டுக் கணக்கில் சனிக்கிழமை காலையிலேயே முடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. வெயில் அடிக்கும்போது இந்த இரவே இரவு என்று பாட்டு. 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் சோதனையாக அதை இரவுக்குத் திருப்பினார். 1956 முதல் எங்கும் அதுவே முறை.

எங்கள் பங்கில் அந்த இரவு முதலில் விளக்கெல்லாம் அணையும். வெளியே எரியும் நெருப்பின் பக்கத்தில் சாமியார் திரியில் சிலுவையையும் ஆண்டின் நான்கு எண்களையும் கீறி, ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதிப்பார். கிரேக்கத்தின் முதலெழுத்தும் கடைசி எழுத்தும் திரியில் இருக்கும். விவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பு அவற்றை அகரமும் னகரமும் என்று தமிழாக்கியபோது, அரிச்சுவடியின் கடைசியில் ஒதுங்கிக் கிடந்த னகரத்துக்கு ஒரு வாழ்வு வந்தது. பிறகு திரியிலிருந்து ஆளுக்காள் மெழுகுவர்த்தி ஏற்றுவோம். காகிதக் கப்பில் ஓட்டைபோட்டுச் செருகியது. இருந்தும் மெழுகு எப்படியோ விரலுக்கு வந்துவிடும்.

அதற்கப்புறம் நடப்பதை என் தராசில் வைத்தால் எங்கள் பங்கு தேறாது. வானவர் கீதம் தொடங்கும், மணிகள் எல்லாம் ஒலிக்கும், வெளியே வெடி வெடிக்கும், பீடத்துக்கு மேலே நீலத் திரை விலகி, சீரியல் விளக்குகளுக்கு நடுவே உயிர்த்த ஆண்டவரின் சுரூபம் தெரியும். நற்செய்தியாளர்கள் காட்டாமல் விட்டதை நாங்கள் கயிறும் கப்பியும் போட்டுக் காட்டிவிடுவோம். படித்த பிறகு இதைப் பார்த்து எனக்குக் கூச்சமாக இருந்ததுண்டு.

ஒரு வருஷம் கயிறு சிக்கிக்கொண்டது. திரை முழங்கால் உயரத்துக்கு ஏறி நின்றுவிட்டது. தெரிந்ததெல்லாம் ஆணித் தழும்போடு இரண்டு பாதங்களும் அவற்றைச் சுற்றி மினுக்கும் விளக்குகளும். என் பக்கத்தில் நின்ற கிழவி கைகூப்பி, குனிந்து, திரைக்குக் கீழே எட்டிப் பார்க்க முயன்றாள். கோவில்பிள்ளை ஏணியைத் தேடி ஓடினார். அவர் தூக்கிக்கொண்டு வருவதற்குள் நாங்கள் பாடி முடித்து உட்கார்ந்திருந்தோம்.