கொடுத்தவர் யார்?
'கிவ்' என்னும் வினைச்சொல்லை முன்வைத்து

ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆங்கில அறிக்கையைத் தமிழாக்கும் வேலை சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கம் பற்றிய பகுதி. கல்குவாரிப் பெண்களுக்கு எழுத்தறிவு கொடுக்கப்பட்டது, குவாரி குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது, சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்கப்பட்டது என்று பக்கமெங்கும் 'கிவ்' என்கிற அதே வினை. குடுமியான்மலைப் பக்கம் கல்லுடைத்த, எனக்கு அத்தை முறையாகிற ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். "யாருப்பா குடுத்தா? கல்லுடைச்ச கையோட ராத்திரி ஒக்காந்து நாங்கல்ல படிச்சோம்" என்றார். அதற்குமேல் மொழிபெயர்ப்பு நகரவில்லை.

ஆங்கிலத்தில் மிகச் சாதாரணமான வினை இது. கொடுக்கும் பொருள், பெறும் ஆள் என இரண்டு செயப்படுபொருள்களை ஒருசேர ஏற்கும். இதன் அரசியல் செயப்பாட்டுவினையில்தான் இருக்கிறது. பெறுகிறவளை எழுவாய் இடத்தில் உட்காரவைத்து, கொடுத்தவனை வாக்கியத்தைவிட்டே வெளியேற்ற முடியும். பெண் எழுவாயாகிவிட்டாள் என்று நமக்குத் தோன்றும். ஆனால் அவள் செய்ததாக அந்த வாக்கியத்தில் ஒன்றுமே இருக்காது.

தமிழில் இது நடக்காது. 'அவள் கொடுக்கப்பட்டாள்' என்று எழுதினால் அவளே பொருளாகிவிடுகிறாள். பொண்ணு குடுக்கிறது, பொண்ணு எடுக்கிறது என்று நம் ஊரில் அன்றாடம் பேசுகிறோம். கொள்வினை கொடுப்பினை என்று அதற்கு ஒரு மரியாதையான பெயரும் வைத்திருக்கிறோம். பெறுகிறவளைத் தமிழ் நான்காம் வேற்றுமையில் நிறுத்துகிறது, 'அவளுக்கு' என்று. ஆனால் கொடுத்தவனை மறைப்பதில் தமிழ்ச் செயப்பாட்டுவினையும் சளைத்ததல்ல. வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் 'கலக்கப்பட்டது' என்று எழுதிப் பழகிய நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தொல்காப்பியர் எச்சவியலில் ஈ, தா, கொடு என்று மூன்று சொற்களைப் பிரிக்கிறார். இழிந்தோன் கேட்டால் 'ஈ', ஒப்போன் கேட்டால் 'தா', உயர்ந்தோன் கேட்டால் 'கொடு'. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே 'கிவ்'. இதைவைத்து ஆங்கிலம் சனநாயகமானது, தமிழ் படிநிலை கொண்டது என்று முடிவுகட்டுவது எளிது. எனக்கு அது உடன்பாடில்லை. தமிழ் இலக்கணம் படிநிலையை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. 'கிவ்' அதே படிநிலையைச் சத்தமில்லாமல் சுமக்கிறது. ஈந்ததைத் தந்ததாகக் காட்டும் வசதி அதற்குண்டு.

நான்காம் வேற்றுமையிலும் ஒரு நகர்வு நடந்திருக்கிறது. தொல்காப்பியர் அதன் பொருளை 'கொள்ளுதல்' பக்கமிருந்து சொல்கிறார். நன்னூலார் பட்டியல் போடும்போது முதலில் வைப்பது 'கொடை'. கொள்கிறவர் பார்வையில் தொடங்கிய இலக்கணம் கொடுப்பவர் பார்வைக்கு மாறுகிறது. பவணந்தி திட்டமிட்டு இதைச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லித்தந்தது நன்னூலின் வரிசை என்பதைத்தான் சொல்கிறேன்.

அத்தை சொன்ன 'குடுத்தா' என்பதைக் கொச்சை என்று ஒதுக்கவும் முடியாது. 1929இல் புதுக்கோட்டை சமஸ்தானம் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதியைப் புரட்டினால் 'குடுத்தோம்' என்றுதான் இருக்கிறது. ஊரோம் குடுத்தோம், விற்றுக் குடுத்தோம், இறையிலியாகக் குடுத்தோம். கொடுத்தவர்கள் தன்மைப் பன்மையில் பேசுகிறார்கள், கோயில் சுவரில் பெயரும் வெட்டிக்கொள்கிறார்கள். அந்தச் சுவருக்குக் கல்லுடைத்தவர்களுக்கு அங்கே வினைமுற்று கிடையாது. சமஸ்தானம் 1948இல் இந்தியாவோடு இணைந்தது. கல்லுடைக்கும் வேலையில் கொத்தடிமைத்தனம் அதற்குப் பிறகும் நீடித்தது.

1991-92இல் இங்கே நடந்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். பெண்கள் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளை வாங்கினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பது அதில் ஒரு வசதி. பி. சாய்நாத் இதைப் பதிவு செய்திருக்கிறார். அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் பங்கையோ, தொண்டர்களின் உழைப்பையோ நான் மறுக்கவில்லை. ஆனால் சைக்கிளிலிருந்து விழுந்ததும் எழுந்ததும், தெருவில் கேலி கேட்டதும் அந்தப் பெண்கள்தான். பிற்பாடு பள்ளி மாணவிகளுக்கு அரசே சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. 2011க்குப் பின் 'இலவச' என்பது 'விலையில்லா' என்றானது. பெயரடை மாறியது, 'வழங்கினார்' என்ற வினை மாறவில்லை. கொடை என்பது திருப்பிச் செலுத்தும் கடப்பாட்டைச் சுமத்துகிறது என்று மார்சல் மோஸ் 1925இலேயே எழுதினார். நம் ஊரில் அந்தக் கடப்பாட்டுக்கு நன்றி என்று பெயர், சில சமயம் ஓட்டு என்றும் பெயர்.

அப்படியானால் 'கொடு' என்ற வினையையே அடித்துவிடலாமா? முதலில் அப்படித்தான் நினைத்தேன். அதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. எல்லாவற்றையும் பெண்களே எடுத்துக்கொண்டார்கள் என்று எழுதினால் அரசின் கடமை வாக்கியத்திலிருந்து நழுவிவிடும். எழுத்தறிவும் குத்தகையும் ஒன்றல்ல. கற்ற எழுத்தை யாரும் திரும்ப வாங்க முடியாது. குத்தகைக்குக் கெடு உண்டு, கொடுத்த கை திரும்ப எடுக்கவும் செய்யும். எடுக்கும்போது யார் சட்டையைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமானால், கொடுக்கும்போதே எழுவாயை எழுதிவைக்க வேண்டும்.

ஆகவே இரண்டு விதமாக மொழிபெயர்த்தேன். எழுத்து, சைக்கிள் வரும் இடங்களில் 'கற்றுக்கொண்டார்கள்'. தொல்காப்பியரின் கொள்ளுதல் அதில் துணைவினையாக இன்னமும் இருக்கிறது. அத்தையின் பேச்சில் அதுவே 'கத்துக்கிட்டோம்'. குத்தகை, கடன் வரும் இடங்களில் செய்வினை: இன்ன துறை, இன்ன ஆண்டு, இத்தனை காலத்துக்குக் கொடுத்தது.

அறிக்கை அச்சாகி வந்தது. எல்லா இடத்திலும் 'வழங்கப்பட்டது' என்று திருத்தியிருந்தார்கள். அத்தையிடம் அதை இன்னும் வாசித்துக் காட்டவில்லை.